வீழ்ந்தவன் ஒருவன், வாழ்பவர் எவர்?

தலையிலே சாய்ந்த தொப்பி, வாயிலே சுருட்டு, கையிலே துப்பாக்கி, வாயிலிலே கருநிறக் கார். திரையிலே இவ்வளவு கண்டால் போதும். இவன் எங்கே பிறந்தான், எப்படி உயர்வான், எவ்வாறு வீழ்வான் என்பதைப் பக்கத்து இருக்கையிலே அமர்ந்திருக்கும் சிறுவனும் சொல்லிவிடுவான். அமெரிக்க நாடு உலகுக்கு அளித்த கொள்ளைக்கூட்டப் படங்களுக்கு அத்துணை உறுதியான இலக்கணம் ஒன்று அமைந்துவிட்டது. இலக்கணம் என்று ஒன்று இருந்தால், அதனை வகுத்தவர் எவர், அதனால் வாழ்பவர் எவர் என்று கேட்பது நம் கடமை. பொழுதுபோக்கிலே ஆராய்ச்சி எதற்கு என்பார் உண்டு. புராணமும் பொழுதுபோக்காகத்தானே நம்மிடம் வந்தது! கதையாக நுழைந்ததுதானே கருத்தாக நிலைத்தது!

அமெரிக்காவிலே 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்தது. சட்டம் கதவை மூடிற்று. தாகம் சன்னலைத் திறந்தது. கள்ளத்தனமாக மது விற்ற கூட்டங்கள் சிகாகோ போன்ற நகரங்களிலே கொழுத்தன. 1929 பிப்ரவரி 14ஆம் நாள் சிகாகோவிலே எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியிலே பொருளாதாரம் சரிந்தது. வேலையற்றோர் கூட்டம் வீதிகளை நிறைத்தது. அந்தப் பசியின் நாட்களிலேதான் 1931இல் ‘லிட்டில் சீசர்’, ‘பப்ளிக் எனிமி’, 1932இல் ‘ஸ்கார்ஃபேஸ்’ ஆகிய மூன்று படங்கள் வந்தன. பின்வந்த எத்தனையோ படங்களுக்கு அச்சு வார்த்தவை இம்மூன்றே.

அந்த அச்சு எத்தகையது? நாயகன் ஏழை, பெரும்பாலும் இத்தாலியிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ குடியேறியவர் வீட்டுப் பிள்ளை. முதலிலே சில்லறைத் திருட்டு. பிறகு பெரிய கூட்டத்திலே சிறிய வேலை. பிறகு தலைவனையே தள்ளிவிட்டுத் தலைமை. ஒவ்வொரு படி ஏறும்போதும் உடை மாறும், கார் மாறும், பக்கத்திலே நிற்கும் பெண்ணும் மாறுவாள். வீட்டிலே கண்ணீர் வடிக்கும் தாய். நல்வழி கூற ஓர் அண்ணனோ பாதிரியாரோ. உச்சியை எட்டிய மறுகணம் சறுக்கல். முடிவிலே தெருவோரத்திலே பிணம்.

‘லிட்டில் சீசர்’ நாயகன் ரிக்கோ, ஆடல் நிகழ்ச்சி ஒன்றை அறிவிக்கும் விளம்பரப் பலகையின் பின்னே ஒளிந்து, காவலரின் குண்டுக்கு இரையாகிறான். பலகையிலே சிரிப்பது, கூட்டத்தைவிட்டு விலகிப் பிழைத்துக்கொண்ட அவன் நண்பன். ‘ஸ்கார்ஃபேஸ்’ நாயகன் டோனி, உலகம் உனக்கே என்று மின்னும் விளம்பர விளக்கைச் சன்னல் வழியே பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவன். அந்த விளக்கின் கீழேயே வீழ்கிறான். கூர்ந்து நோக்குவீர்! இருவரையும் தூண்டியதும் விளம்பரம். இருவருக்கும் நடுகல்லாய் நின்றதும் விளம்பரம். உழைக்க வேலை தராமல், வாங்கச் சொல்லி மட்டும் ஓயாது அழைத்த ஒரு சமுதாயத்தைப் படம் காட்டிவிட்டது. காட்டிவிட்டுக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றியது யாரை? டோனியை!

‘பப்ளிக் எனிமி’யிலே நாயகன் டாம், தன் காதலியின் முகத்திலே பழத்துண்டைத் தேய்க்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. புகழ் பெற்றது என்பதே வெட்கம்! அவன் கொன்றால் தண்டனை உண்டு. அவளை இழிவுசெய்தால் அரங்கிலே சிரிப்பு. இவ்விலக்கணத்திலே பெண்ணுக்கு இரண்டே இடம்: அழுகின்ற தாய், அணிந்து கழற்றும் அணிகலன். மூன்றாவது இடம் ஒன்று அவளுக்கு உண்டு என்று எண்ணிய படம் மிகச் சிலவே.

ஆயினும் அப்படத்திலே நாம் போற்றும் காட்சி ஒன்று உண்டு. டாமின் அண்ணன் மைக் உழைப்பாளி. இரவுப் பள்ளியிலே படிப்பவன். உலகப் போருக்குச் சென்று திரும்பியவன். உணவு மேசைமீது தம்பி கொணர்ந்துவைத்த மதுப் பீப்பாயைக் கண்டு, இதிலே மது மட்டுமன்று, மனிதரின் குருதியும் கலந்திருக்கிறது என்று சீறுகிறான். தம்பியோ, உனக்குப் பதக்கம் தந்தது செருமானியரோடு கைகோத்து நின்றதற்கா என்று திருப்பிக் கேட்கிறான். அரசு கொல்லச் சொன்னால் வீரம். தானே கொன்றால் குற்றமா? அந்தக் கேள்விக்குப் படம் விடை சொல்லவில்லை. தாய் மாடியிலே மகனுக்காகப் படுக்கை விரித்துக்கொண்டிருக்க, கட்டுப்போட்ட பிணமாக அவன் வாயிற்படியிலே விழுகிறான். இது ஒரு தனி மனிதனைப் பற்றியதன்று, பொதுமக்கள் தீர்க்கவேண்டிய சிக்கல் என்று முடிவிலே எழுத்துகள் வருகின்றன. நன்று! ஆனால் மதுவிலக்கு நாளிலே அவன் கூட்டத்தோடு பங்கு பேசவந்த ஆலை முதலாளி ஒருவரை முன்னே கண்டோமே, அவர் பிணம் எந்த வாயிற்படியிலே விழுந்தது? கண்ணியமான கோட்டு அணிந்தவரை இலக்கணம் தொடுவதில்லை!

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதுதானே இது, இயற்கை நீதிதானே என்பர் சிலர். இயற்கை அன்று, ஏற்பாடு! 1930இல் படமுதலாளிகள் ஒழுக்க விதிகள் சில வகுத்தனர். 1934இல் அவை கடுமையாக நடப்புக்கு வந்தன. குற்றத்தின்பால் பார்ப்பவருக்கு இரக்கம் பிறத்தலாகாது, குற்றம் வென்றதாகக் கதை முடிதலாகாது என்பது விதி. ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்குத் தணிக்கையாளரை நிறைவுசெய்ய, டோனி தூக்கிலே மடிவதாக இன்னொரு முடிவே எடுத்தனர். டாமாக நடித்த ஜேம்ஸ் காக்னி, 1935இல் ‘ஜி மென்’ படத்திலே அரசாங்கக் காவலராக வந்தார்; துப்பாக்கி அதே துப்பாக்கி, சட்டை மட்டும் வேறு! ஆகவே, கொள்ளைக்கூட்டத் தலைவனின் முடிவு பிரம்மன் எழுதிய தலையெழுத்தன்று. தணிக்கையாளர் எழுதிய தலையெழுத்து!

உண்மை வாழ்வு இவ்விலக்கணத்துக்கு அடங்கிற்றா? சிகாகோவை ஆட்டிப்படைத்த அல் கபோன் தெருவிலே சுடப்பட்டு மடியவில்லை. 1931இல் அவனுக்குப் பதினோராண்டுச் சிறை கிடைத்தது வருமானவரி ஏய்ப்புக்காக. விடுதலை பெற்று, நோயுற்று, 1947இல் புளோரிடாவிலே தன் வீட்டிலே இறந்தான். அவனைப் பிடித்தது இயந்திரத் துப்பாக்கியன்று, கணக்கேடு. கணக்கேட்டைப் புரட்டும் கதையிலே பணம் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போயிற்று என்று சொல்ல நேரும். துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை.

1938இல் வந்த ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ படத்தை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு சிறுவர் சரக்கு வண்டியிலே திருட நுழைகின்றனர். காவலர் துரத்துகின்றனர். ஒருவன் விரைந்தோடித் தப்புகிறான். வளர்ந்து பாதிரியார் ஆகிறான். மற்றவன் பிடிபட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறான், கொள்ளைக்காரனாய்த் திரும்புகிறான். கடவுள் அருளா வேறுபாடு? பிறவிக் குணமா? கால்வேகம்! அடைத்துவைத்த பள்ளி அவனைத் திருத்தவில்லை, கெடுத்தது. இறுதியிலே பாதிரியாரே, தன்னைப்போல் ஓடமுடியாத ஒருவனுக்காக வேண்டுவோம் என்கிறார். அந்த ஒரு சொல்லிலே விதிக்கொள்கை முழுவதும் நொறுங்கிப் போகிறது. ஆனால் அதற்கு முன், தன்னைத் தலைவனாய்க் கொண்டாடும் ஏழைச் சிறுவர் மனம் மாறவேண்டும் என்பதற்காக, மரண நாற்காலிக்குக் கோழைபோல் அழுதுகொண்டே போ என்று நண்பனைக் கேட்டுக்கொண்டவரும் அவரே! சிறுவருக்கு வேலையும் கல்வியும் வீடும் கேட்கவேண்டிய இடத்திலே ஒரு நாடகம் கேட்டார்.

1972இல் ‘காட்ஃபாதர்’ வந்தது. முதற்காட்சியிலே, மகளைத் தாக்கியவர்களை நீதிமன்றம் சிறையின்றி விட்டுவிட்டதென்று ஒரு தந்தை கூட்டத் தலைவனிடம் நீதி கேட்டு நிற்கிறான். சட்டம் கைவிட்ட இடத்திலேதான் இவன் அரியணை போடுகிறான் என்பதை அவ்வளவு தெளிவாய்ச் சொன்ன படம் அரிது. தேவாலயத்திலே குழந்தைக்குத் திருமுழுக்கு நடக்க, சாத்தானைத் துறக்கிறேன் என்று மைக்கேல் உறுதி கூறுகிறான். அதே நேரத்திலே அவன் ஆணைப்படி எதிரிகள் வெட்டவெளிச்சத்திலே வீழ்கின்றனர். சடங்கு ஒருவனை நல்லவனாக்காது என்று நாம் மேடைதோறும் பேசியதை அக்காட்சி பேசாமலே காட்டிற்று. ஆனால் இங்கும் இழப்பு ஒன்று: கொலைகாரன் குடும்பத் தலைவனாகிவிட்டான், அவனிடம் பணிந்து நிற்பது பண்பாகிவிட்டது.

அதன் சாயலோடு 1987இல் தமிழிலே ‘நாயகன்’ வந்தது. தொழிற்சங்கத் தலைவரின் மகன், தந்தையைக் காவலர் கொன்றபின் பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவி ஏழைகளின் காவலனாகிறான். முடிவிலே பேரன், நல்லவரா தீயவரா என்று கேட்க, தெரியவில்லை என்கிறான். நேர்மையான விடை! ஆனால் கேள்வி தவறு. தந்தை நடத்திய சங்கம் எங்கே போயிற்று? ஊர் திரண்டு கேட்கவேண்டிய உரிமையை ஒருவன் பிச்சையாய்ப் போடும் நிலை ஏன் வந்தது? அதைக் கேட்க அந்தப் பேரனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பள்ளித் திடலிலே பிள்ளைகள் விளையாடும்போது நாம் காண்கிறோம்: எல்லாருக்கும் கூட்டத் தலைவன் வேடமே வேண்டும். அவன் சாவான் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆயினும் வேண்டும். ஏன்? படம் முழுவதிலும் குனியாதவன் அவன் ஒருவனே! எனவே, கெட்டவன் சாகிறான் என்ற பாடம் அவர்களுக்குப் போதாது. குனியாமல் வாழ வேறு வழியும் உண்டு என்று காட்டும் கலை வேண்டும். படங்களை வெறுக்கச் சொல்லவில்லை நாம். விழித்துக்கொண்டு பார்க்கச் சொல்கிறோம். அடுத்தமுறை திரையிலே அவன் வீழும்போது பிணத்தை மட்டும் பாராதீர்! அவன் வீழ்ந்தபின்னும் அணையாமல் எரிகிறதே விளம்பர விளக்கு, அது யாருடையது என்று கேளுங்கள்!