ஈரம் பொறுக்காத மெக்னீசியம்

தொட்டியத்துக் காவிரிக்கரை வாழைத்தோப்பு எதற்குள் நுழைந்தாலும் தலைக்கு மேலே மெக்னீசியம்தான் பச்சையாக விரிந்திருக்கிறது. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நட்ட நடுவே நான்கு நைட்ரஜன் அணுக்கள் பிடித்து நிறுத்திய ஒற்றை மெக்னீசியம் அணு. வாய்க்கால் தண்ணீர் குடித்து வளரும் வாழைக்குள் அது சௌகரியமாகக் குடியிருக்கிறது. அதே மெக்னீசியம் கார்பனோடு நேரடியாகப் பிணைந்துவிட்டால் ஒரு சொட்டு ஈரத்தைக்கூடப் பொறுக்காது. அப்படிப் பிணைந்த சேர்மமான கிரிக்னார்டு வினைபொருளின் பலமும் அருமையும் அந்தப் பொறுக்காத குணத்தில்தான் இருக்கின்றன.

முசிறியிலோ திருச்சியிலோ கல்லூரிக்குப் போய் வேதியியல் படிக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் அது ஒரு வரிச் சமன்பாடு. குடுவையில் பார்ப்பது வேறு. நன்றாக உலர்த்திய குடுவை, மெக்னீசியம் துருவல், நீர் நீக்கிய ஈதர், கன்டென்சர் வாயில் கால்சியம் குளோரைடு அடைத்த குழாய். புரோமோபென்சீனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் ஒன்றுமே நடக்காது. துருவலின் மேல் படிந்த ஆக்சைடுத் தோல் வழியை மறிக்கிறது. சிறு அயோடின் படிகம் ஒன்றைப் போட்டதும் ஈதர் பழுப்பாகும். அப்புறம் அந்தப் பழுப்பு மெல்ல வெளுத்துக் காணாமல் போகும். அயோடின் தோலை அரித்து உள்ளே இருந்த பளபளப்பான உலோகத்தைத் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சற்றைக்கெல்லாம் துருவலின் விளிம்பிலிருந்து நூல் நூலாகக் குமிழிகள் எழும். தெளிந்திருந்த திரவம் கலங்கும்.

ஈதர் கொதிப்பது 34.6 டிகிரி செல்சியஸில். திருச்சி வட்டாரத்துச் சித்திரை மதியம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். ஆகவே இங்கே ஈதர் கொதிப்பதை மட்டும் பார்த்து வினை தொடங்கிவிட்டது என்று நம்ப முடியாது. குமிழி உலோகத்தின் மேலிருந்து கிளம்புகிறதா, கலங்கல் தெரிகிறதா, குளிர்ந்த அறையிலும் சூடு தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகளுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படாமல் இருக்கலாம். நம் வெயில் சொல்லிக்கொடுக்கிறது.

குடுவைக்குள் நடந்தது ஒரு குணமாற்றம். புரோமினோடு இருந்தவரை எலக்ட்ரானைப் பறிகொடுத்துக் கொஞ்சம் நேர்மின் தன்மையோடு நின்ற கார்பன், இடையில் மெக்னீசியம் புகுந்ததும் எதிர்மின் பக்கம் சாய்கிறது. வாங்க நின்றது கொடுக்கத் தொடங்குகிறது. கார்பனோடு கார்பனை ஒட்டவைப்பதுதான் கரிம வேதியியலின் பெரும்பாடு; அதற்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. ஈதரையும் வெறும் கரைப்பான் என்று தள்ளிவிடக் கூடாது. அதன் ஆக்சிஜன்கள் மெக்னீசியத்துக்கு இருபுறமும் தோள் கொடுத்துத் தாங்குகின்றன. மேலே தங்கும் அதன் ஆவி காற்றையும் ஓரளவு விலக்கி வைக்கிறது.

இந்த வழி பிறந்த கதை: லியோனில் பிலிப் பார்பியே மெக்னீசியம், ஹேலைடு, கார்போனைல் சேர்மம் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் சேர்த்துப் பார்த்தார். பலன் ஒரு சீராக வரவில்லை. அவருடைய மாணவர் விக்டர் கிரிக்னார்டு 1900-இல் செய்தது ஒரே ஒரு மாற்றம்: முதலில் மெக்னீசியச் சேர்மத்தைத் தனியாக ஆக்கிக்கொண்டு, கார்போனைல் சேர்மத்தைப் பிறகு விட்டார். வரிசையை மாற்றியதற்கு 1912-இல் நோபல் பரிசு, பால் சபாத்தியேவுடன் பகிர்ந்து. அந்தப் பரிசு முழுக்கத் தகும்.

நம் குடுவையில் உருவான ஃபீனைல் மெக்னீசியம் புரோமைடில் கார்போனைல் சேர்மமான பென்சோஃபீனோனைச் சொட்டவிட்டால் திரவம் சிவப்பு ஓடிக் கெட்டிப்படும். இத்தனை நேரம் கதவுக்கு வெளியே நிறுத்திய தண்ணீரை இப்போது நாமே அழைக்கிறோம். அதிலும் பதம் உண்டு. வினை தரும் ஆல்கஹால் மூன்றாம் வகையாக இருந்தால், கடும் அமிலம் அதிலிருந்தே நீரைப் பிடுங்கிவிடக்கூடும். அதனால் அம்மோனியம் குளோரைடுக் கரைசலைக் குளிரவைத்து ஊற்றுவார்கள்; மெக்னீசியம் உப்பு பிரிந்து கரைந்து போகும். மிஞ்சும் டிரைஃபீனைல் மெத்தனால், தூய்மையாக இருந்தால் 162 டிகிரியை ஒட்டி உருகும் வெண்படிகம். வலிநிவாரணி டிராமடாலின் கார்பன் சட்டம் கட்டப்படுவதும் இதே வினையில்தான்.

செய்து பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழுப்பு வெளுத்து, துருவலில் குமிழி எழும்வரை புரோமோபென்சீனை மேலும் விடாதீர்கள். தொடங்காத குடுவையில் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் பொங்கும், ஈதர் தீப்பிடிக்கக்கூடும்.