பிள்ளை வேடம்

நாரதராக மேடையேறியபோது அந்தப் பிள்ளைக்கு வயது ஆறு. 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தவன். அறுபதை எட்டும் வயதில் அவ்வை தி. க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் சிறுவனான தன்னை எவ்வளவு வாஞ்சையோடு நிறுத்திவைக்கிறார், பாருங்கள்! பள்ளிக்கூடம் போகவேண்டிய காலத்தில் பாடம் ஒப்பித்தல். கண்ணயர வேண்டிய நேரத்தில் அரிதாரம். புலம்ப எத்தனையோ இடமிருந்தும் அவர் புலம்பவில்லை. பக்கத்தில் நின்றவர் எப்படிப் பாடினார், எப்படி நடித்தார் என்பதிலேயே அவர் மனம் லயிக்கிறது. எங்கள் சிறுமலை வாழைப்பழம் மாதிரி எழுத்து: உருவில் சிறியது, உரித்ததும் மணம் வீட்டை நிறைக்கும்.

‘அபிமன்யு சுந்தரி’ பிறந்த இரவுக்கு வாருங்கள். அங்கே சற்று உட்காருவோம். சிறுவன் சண்முகம் நடிப்பதற்கென்றே, பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த நாடகம் அது. பாரதத்து அபிமன்யுவும் இளம்பிள்ளைதானே! வயதைக் குறையாக எண்ணாமல் அதையே வேடத்தின் அழகாக்கிய வாத்தியாரின் நுட்பம் ஒருபுறம் இருக்கட்டும். அதைச் சொல்லும் சண்முகத்தின் பணிவல்லவா இன்னும் நேர்த்தி! தனக்குக் கிடைத்த பேறு என்று மார்தட்டாமல் குருவின் கைவேகத்தை வியக்கிறார். வெளிச்சமெல்லாம் சுவாமிகள் மேல். பிள்ளை பக்கத்திரை ஓரம் ஒதுங்கிக்கொள்கிறது.

பின்னாளில் சுவாமிகளைப் பக்கவாதம் முடக்கியது. பாட்டு ஊறிய நாவும் பேச்சிழந்தது. 1922இல் புதுச்சேரியில் அவர் மறைந்தபோது சண்முகத்துக்கு வயது பத்து. ஆனால் சுவாமிகளின் பாட்டு அடங்கவில்லை. திண்டுக்கல் வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் அவர் தந்ததுதான். சண்முகத்தின் நூலைப் படித்தபின் அந்த நாடகத்துக்குப் போனால், ஆர்மோனியம் எடுத்துக்கொடுக்கும் முதல் சுருதியே வேறு மாதிரி கேட்கிறது.

சண்முகத்தின் வீட்டு அண்ணன் தம்பி நால்வரும் சேர்ந்து நின்ற மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை 1925இல் தொடங்கியது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்த இடமும் அதுதான். அந்த வரலாறு நீளமானது, நூலிலேயே படியுங்கள். எனக்குப் பிடித்த நயம் வேறு. தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் போட்டுப் பேர் வாங்கியவர். மகனோ அரசனாகவும் வீரனாகவும் எத்தனை நடித்தும், தமிழகம் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிவைத்தது, அவர் வேடமிட்ட ஔவைக் கிழவியின் பெயரை. சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். கமல்ஹாசன், தாம் இளமையில் நடித்த குழுவின் தலைவரை மறவாமல், மாமி வேடம் கட்டிய படத்துக்கு வைத்ததும் ‘அவ்வை சண்முகி’ என்றுதான்.