எழுந்து போக முடியாத பார்வையாளர்

ஊடகம் மனத்தை மாற்றுமா என்று கேட்டால், ஆய்வாளர் எந்த முறையைக் கையாண்டார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. 1959இல் இதைப் போட்டுடைத்தவர் கார்ல் ஹோவ்லண்ட். தொடர்பியலில் பரிசோதனை முறையை வளர்த்தெடுத்த யேல் பல்கலைக்கழக உளவியலாளரும் அவரேதான். ஆய்வுக்கூடச் சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை கருத்து மாறுகிறார்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோவின் ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு நடத்திய ஆய்விலோ, பிரச்சாரத்தால் மாறியவர்கள் சுமார் 5 விழுக்காடுதான்.

அப்படியானால் சோதனைகள் பொய்யா? இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவம் பிரச்சாரப் படங்களைக் காட்டியது. பிரிட்டன் மீதான ஜெர்மானிய வான்தாக்குதலைப் பற்றிய படத்தை ஹோவ்லண்ட் குழு சோதித்த விதம் இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. சில படைப்பிரிவுகளுக்குப் படம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பிறகு இரு தரப்புக்கும் ஒரே வினாத்தாள். பெயர் எழுத வேண்டாம். படத்துக்கும் வினாத்தாளுக்கும் தொடர்பிருப்பதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

பிரிட்டிஷ் விமானங்களைத் தரையிலேயே ஏன் அழிக்க முடியவில்லை என்பது ஒரு கேள்வி. திடலின் ஓரங்களில் பிரித்துப் பிரித்து நிறுத்தியிருந்ததால் என்ற சரியான விடையைப் படம் பார்த்தவர்களில் 78 விழுக்காட்டினர் சொன்னார்கள். பார்க்காதவர்களில் 21 விழுக்காட்டினர். இந்த வித்தியாசம் படத்தால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம். கருத்துக்கணிப்பால் அப்படிச் சொல்ல முடியாது. படத்தைத் தேடிப் போய்ப் பார்த்தவர் முன்பே விவரம் தெரிந்தவராக இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் 'அக ஏற்புடைமை' என்று சொல்வது இந்த உறுதியைத்தான். அதே படம் போரிடும் முனைப்பை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. ராணுவம் எதிர்பார்த்ததோ அந்த முனைப்பைத்தான்! பணம் போட்டவருக்குப் பிடிக்காத விடையையும் தருகிறது என்பதாலேயே இம்முறை மீது எனக்கு மதிப்பு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சிப்பாய் படம் பிடிக்காவிட்டால் எழுந்து போக முடியாது. ஈரி கவுண்டி வாக்காளர் போகலாம். தன் கட்சிக்காரர் பேசினால் வானொலியைக் கேட்பார், எதிர்க்கட்சி பேசினால் நிறுத்திவிடுவார். யார் பார்ப்பது என்பதை ஆய்வாளரே தீர்மானித்தால்தான் காரணத்தைப் பிரித்தறிய முடியும். ஆனால் அப்படித் தீர்மானித்த கணமே, நிஜ வாழ்க்கையில் செய்தியின் வலிமையைப் பெரிதும் குறைக்கும் விருப்பத் தேர்வு சோதனையிலிருந்து வெளியேறிவிடுகிறது. கவனக்குறைவால் வந்த ஓட்டை அல்ல இது. முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

அளக்கும் நாளும் விடையை மாற்றும். அதே ராணுவ ஆய்வில், படம் பார்த்து 5 நாள் கழித்துக் கேட்டதைவிட 9 வாரம் கழித்துக் கேட்டபோது சில கருத்துகளில் மாற்றம் கூடியிருந்தது. படத்தில் வந்த விவரங்களோ மறந்துபோய்க்கொண்டிருந்தன. ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு எழுதும் முடிவுரைக்கு என்ன ஆயுள்? படத்துக்கு முன்பே கருத்தைக் கேட்கும் முன்சோதனையே பங்கேற்பவரை உஷார்ப்படுத்திவிடும் என்ற கவலை மட்டும் ஓரளவு தீரக்கூடியது. முன்சோதனை இல்லாத குழுக்களையும் சேர்த்த நான்கு குழு வடிவமைப்பை உளவியலாளர் சாலமன் 1949இலேயே தந்துவிட்டார். ஆள் அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

விருப்பத் தேர்வைச் சோதனைக்குள்ளேயே கொண்டுவரவும் வழி உண்டு. கெவின் ஆர்சனோவும் மார்ட்டின் ஜான்சனும் 2013இல் வெளியிட்ட நூலில் இதைக் காணலாம். ஒரு குழுவைக் கட்சி சார்ந்த செய்தியை மட்டும் பார்க்க வைத்தார்கள். இன்னொரு குழுவை ரிமோட்டைக் கையில் கொடுத்துப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கும் மாறவிட்டார்கள். மாற வழி இருந்த குழுவில் செய்தியின் தாக்கம் சுருங்கிவிட்டது. யார் எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் சமவாய்ப்பு ஒதுக்கீட்டைக் கைவிடாமலே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும், வகுப்பு மாணவர்களுக்கு ஒரு குறும்படத்தைப் போட்டு, விளக்கைப் போட்டதும் வினாத்தாளை நீட்டி, 'குறும்படங்கள் சமூகத்தின் மனப்பாங்கை மாற்றுகின்றன' என்று முடிக்கும் ஆய்வேடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பல ஆய்வேடுகளில் ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழுகூட இருப்பதில்லை. நெறியாளர்கள் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். படம் பார்க்காத ஒரு குழுவைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். 'பார்க்க வைத்தால்' என்ற நிபந்தனையையும் எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்பதையும் முடிவுரையின் முதல் வரியிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.