கிடைக்காத கட்டுரைகளின் கணக்கு

முறைசார் இலக்கிய மீளாய்வு எதை எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு வரைபடம் வந்துவிடும். தேடலில் அகப்பட்டவை இத்தனை, தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துக் கழித்தவை இத்தனை, முழுதாகப் படித்துச் சேர்த்தவை இத்தனை என்று பெட்டி பெட்டியாகக் கீழிறங்கும். அவற்றில் ஒரு பெட்டியில், 'முழு வடிவம் கிடைக்காததால் நீக்கப்பட்டவை' என்று ஓர் எண் இருக்கும். படிப்பவர் அதைக் கவனிப்பதில்லை. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்விலும் அதைப் பற்றிக் கேள்வி எழுவது அரிது. மீளாய்வின் நேர்மையை உரசிப் பார்க்க அந்த எண்ணைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

கிடைக்காததை ஒதுக்கும் வழக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. படிக்காத கட்டுரையை வைத்து முடிவு சொல்லக் கூடாது. சுருக்கம் கைவசம் இருக்கிறதே, அதிலுள்ள எண்களை எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். 1999இல் ஜாமா இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, முன்னணி மருத்துவ இதழ்கள் ஆறின் சுருக்கங்களை அவற்றின் கட்டுரைகளோடு ஒப்பிட்டது. கட்டுரையோடு முரண்படும் தகவலோ கட்டுரையிலேயே இல்லாத தகவலோ கொண்ட சுருக்கங்கள், இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. தலைசிறந்த இதழ்களின் நிலையே இதுவென்றால், சுருக்கத்தை நம்பி எண்ணை எடுப்பது ஆபத்து.

டாமிஃப்ளூ விவகாரம் இதைவிடப் பெரிய பாடம். ஃப்ளூ காய்ச்சலுக்கான இந்த மருந்து நிமோனியா போன்ற சிக்கல்களைக் குறைக்கும் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2006இல் சொன்னது. அதற்கு முக்கிய ஆதாரம் 2003இல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை. அது தொகுத்த சோதனைகள் பத்து. ஆய்விதழில் முழுதாக வெளிவந்தவை இரண்டே. மீதி எட்டையும் நீங்கள் பார்த்தீர்களா என்று 2009இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி கேட்டார். மீளாய்வுக் குழுவால் 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. தரவுகளைக் கேட்டார்கள், முழுதாகக் கிடைக்கவில்லை. மீளாய்வை நடத்திய டாம் ஜெஃபர்சனும் குழுவினரும் அந்த எட்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, சிக்கல்களைக் குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் எழுதினார்கள். உலகமே பன்றிக் காய்ச்சல் அச்சத்தில் அந்த மருந்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிரிட்டன் மட்டும் அதற்குச் செலவிட்டது 42 கோடி பவுண்டுக்கு மேல்.

குழு அத்தோடு நின்றிருந்தால் காரியம் பாதியில் முடிந்திருக்கும். எந்தெந்தச் சோதனைகள் தங்களிடம் இல்லை என்று பெயர் சொல்லி அறிவித்து, ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் உற்பத்தி நிறுவனமான ரோஷ் முழு அறிக்கைகளைத் தந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பக்கங்களைப் படித்து 2014இல் வந்த மீளாய்வு, பெரியவர்களுக்குக் காய்ச்சலின் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன என்றது. மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கு அதில் ஆதாரம் கிட்டவில்லை.

வெளியிடப்படாத சோதனையும், வெளிவந்தும் சந்தா இல்லாததால் திறக்க முடியாத கட்டுரையும் ஒன்றல்லதான். ஆனால் மீளாய்வாளர் செய்ய வேண்டியது இரண்டிலும் ஒன்றே: கணக்கில் சேர்க்காதே, கணக்கிலிருந்து மறைக்கவும் செய்யாதே. நம் வழக்கம் முதல் பாதியைச் சரியாகச் செய்கிறது, இரண்டாவது பாதியைக் கைவிடுகிறது.

குறையின் வேர், 'நீக்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் கிடைக்காதவற்றை வைப்பதில் இருக்கிறது. நீக்குவது என்றால் படித்துப் பார்த்து, பொருந்தாது என்று முடிவெடுப்பது. கிடைக்காத கட்டுரை விஷயத்தில் அப்படி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. கை எட்டவில்லை, அவ்வளவுதான். மீளாய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா வழிகாட்டியின் 2009ஆம் ஆண்டு வரைபடத்தில் இதற்கெனத் தனிப் பெட்டி இல்லை. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 'தேடியும் பெற முடியாதவை' என்று தனியே பிரித்தது நல்ல திருத்தம். காக்ரேன் மரபில் இத்தகைய ஆய்வுகளை 'வகைப்படுத்தக் காத்திருப்பவை' என்று பெயரோடு பட்டியலிடும் வழியும் உண்டு. இங்கே பல ஆய்வேடுகள் இன்னும் பழைய வரைபடத்தையே நகலெடுக்கின்றன.

கை எட்டாதவை சீரற்று உதிர்ந்தவை என்றால் பெரிய இழப்பில்லை. அப்படி உதிர்வதில்லை. இணையத்தில் முழுதாகக் கிடைப்பதையே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற சாய்வை 2002இலேயே லான்செட் இதழுக்கு எழுதிய கடிதத்தில் ரைன்ஹார்ட் வென்ட்ஸ் சுட்டிக்காட்டினார். எட்டாமல் போவது பழைய கட்டுரை, அச்சில் மட்டும் வந்த இதழ், ஏழை நாட்டுச் சங்க வெளியீடு, ஆங்கிலம் அல்லாத மொழி. பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் அதனால் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. கடிபட்டவர்களைப் பார்த்த மாவட்ட மருத்துவமனை மருத்துவர் அரசாங்க நூலகத்தில் கட்டாக அடுக்கப்பட்ட ஓர் இதழில் எழுதியிருந்தால், அந்த அனுபவம் 'கிடைக்கவில்லை' பெட்டிக்குள் விழுந்துவிடும். நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வந்த சான்று முதலில் காணாமல் போகும்.

'கிடைக்கவில்லை' என்ற சொல் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அரிய காரியம். ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். ஒரே தலைப்பில் அரசுக் கல்லூரி மாணவர் ஒருவரும் சுயநிதிக் கல்லூரி மாணவர் ஒருவரும் மீளாய்வு செய்தால், இருவர் பெட்டியிலும் எண் வேறுபடும், முடிவும் வேறுபடலாம். சந்தா இல்லாமல் கட்டுரைகளைத் தரும் தளமாக, மாற்று வழியாகப் பலர் நாடிவந்த சை-ஹப் மீது 2020 டிசம்பரில் பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அதில் எடுத்ததை வழிமுறைப் பகுதியில் யாரும் எழுதப்போவதில்லை. எழுதாதபோது, அதே தேடலை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. மாணவரைக் குறை சொல்லி இது தீராது.

அவரால் செய்யக்கூடியது உண்டு. கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம், வேறு நூலகத்தின் வழியே கேட்கலாம், பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் முன்வரைவைத் தேடலாம். அதற்கும் மசியாதவற்றைப் பின்னிணைப்பில் பெயர், ஆண்டு, நாடு, சுருக்கத்தில் தெரியும் பங்கேற்பாளர் எண்ணிக்கை, எடுத்த முயற்சி என வரிசையாகத் தரலாம். முடிவைச் சுருக்கத்திலிருந்து எடுக்கக் கூடாதுதான். விடுபட்டதன் அளவை உத்தேசமாக அறிய அது உதவும். சேர்த்த ஆய்வுகளில் 300 பேர், கிடைக்காதவற்றில் 2,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீளாய்வுக்கு உறுதியான குரலில் பேச உரிமை இல்லை.

நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேடு மேசைக்கு வரும்போது அந்தப் பெட்டியின் எண்ணோடு விடாதீர்கள். பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.