ஞானோபதேச வகுப்பில் இரண்டு பிள்ளைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களில் பிறந்து வளரும் பிள்ளைகளைப் பற்றிய புதினங்கள், கடந்த ஐம்பது ஆண்டுகளில் தனியொரு இலக்கிய வகையாகவே கிளைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றை அடுத்தடுத்து வாசிக்கும் வாய்ப்பு நமக்கு அண்மையில் கிட்டியது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி, வறுமை, நிறவேற்றுமை ஆகியவற்றை எதிர்பார்த்தே நூல்களைத் திறந்தோம். அவை இருக்கவே செய்தன. நாம் எதிர்பாராதது, நம் திருச்சபை அவற்றில் இவ்வளவு இடம் பெற்றிருக்கும் என்பதே. சான்ட்ரா சிஸ்னெரோஸ் 1984இல் வெளியிட்ட 'மாங்கோ தெரு வீடு' என்னும் நூலின் முதற்பக்கங்களிலேயே ஓர் அருட்சகோதரி வருகிறார். சாயம் உரிந்த வீட்டைக் கண்டு, அங்கேயா குடியிருக்கிறாய் என்று சிறுமியைக் கேட்கிறார். அவர் தீய எண்ணத்துடன் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தச் சிறுமி கூனிக் குறுகிப் போகிறாள்.

நம்மை நெடுநாள் விடாது பற்றிக்கொண்டவை வேறு இரண்டு நூல்கள். முதலாவது ரூடால்ஃபோ அனாயா 1972இல் வெளியிட்ட 'உல்திமா, என்னை ஆசீர்வதியும்'. இளையோருக்கென்றே எழுதப்பட்டதன்று, எனினும் பள்ளிகளில் பல்லாண்டுகளாகப் பாடமாக வைக்கப்பட்டு அவர்களுடையதாகிவிட்டது. களம், 1940களின் நியூ மெக்சிக்கோ. கதை சொல்பவன் அந்தோனியோ என்னும் சிறுவன். தாய்வழியினர் மண்ணை உழுபவர்கள். தந்தைவழியினர் புல்வெளிகளில் குதிரையேறி மாடு மேய்த்தவர்கள். மகன் குருவாக வேண்டுமென்பது தாயின் தீராத ஆசை. ஆற்றங்கரையில் ஒரு மனிதன் சுட்டுக் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்ட நாள்முதல் சிறுவனின் நெஞ்சில் கேள்விகள் குவிகின்றன. புதுநன்மை வாங்கும் அந்த வேளையில் இறைவன் தன்னிடம் எல்லாவற்றுக்கும் விடை பகர்வார் என்று அவன் நம்பியிருக்கிறான். அப்பத்தை உட்கொள்கிறான், கேட்கிறான், காத்திருக்கிறான். மௌனமே எஞ்சுகிறது.

அவனுடன் ஞானோபதேசம் படிக்கும் புளோரன்ஸ் என்னும் சிறுவனைத்தான் நாம் மறக்க முடியாதிருக்கிறோம். தாயை இழந்தவன்; தந்தை குடித்தே மாண்டவர்; அக்காள்மார் வழிதவறிப் போனவர்கள். அவனுக்குக் கடவுள் நம்பிக்கையில்லை. நண்பர்களை விட்டுத் தனித்திருக்க மனமின்றியே வகுப்புக்கு வருகிறான். ஒருநாள் அந்தோனியோவும் அவனும் சேர்ந்தே தாமதமாக வருகின்றனர். குருவானவரோ புளோரன்ஸை மட்டும், இரு கைகளையும் விரித்தபடி ஆலயத்தின் நடுவே நிற்க வைக்கிறார். அந்த உருவம் எதை நினைவூட்டுகிறது என்று ஆசிரியர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

பின்னர் பிள்ளைகள் பாவசங்கீர்த்தன விளையாட்டு விளையாடுகின்றனர். அந்தோனியோவைக் குருவாக்கிப் புளோரன்ஸை அவன்முன் மண்டியிடச் செய்கின்றனர். புளோரன்ஸோ, தன்னிடம் பாவமில்லை, கடவுள்தான் தனக்குத் தீங்கிழைத்தார் என்கிறான். கொடிய தண்டனை கொடு என்று மற்றவர்கள் கூச்சலிடுகின்றனர். அந்தோனியோ மன்னித்து அனுப்புகிறான். அதற்காகத் தன் தோழர்களிடமே அடி வாங்குகிறான். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிக் குருமடத்தில் நாம் படித்த ஏடுகள் பல. அவற்றுள் எதுவும் இச்சில பக்கங்களைப்போல் நம்மை ஆட்டிப்படைத்ததில்லை.

இதற்குக் காரணம் உண்டு. நம் இளங்குருத்துவ நாள்களில், உறுதிபூசுதல் வகுப்புக்குத் தொடர்ந்து தாமதமாக வந்த ஒரு பையனை மூன்று வாரம் வெளித்திண்ணையில் நிற்க வைத்தோம். நோயுற்ற தாய்க்கு மருத்துவமனையில் உணவு கொடுத்துவிட்டு அவன் நடந்தே வருகிறான் என்பது நான்காம் வாரத்தில்தான் நமக்குத் தெரிந்தது. அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அனாயாவின் நூலில் நமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. ஆற்றில் உலவும் பொன்மீனைத் தெய்வமாகக் காட்டும் பழங்கதை, சிறுவனின் கேள்விகளுக்கு எளிதான மாற்றாக வந்து நிற்கிறது. அதைச் சமயக் காரணத்துக்காக மட்டும் நாம் குறை கூறவில்லை. திருச்சபையை நோக்கி அத்தனை கூர்மையாக வினவும் சிறுவன், பொன்மீனிடம் அதே கூர்மையைக் காட்டவில்லை. கதைக்குள்ளேயே தராசு சற்றுச் சாய்ந்திருக்கிறது.

இரண்டாவது நூல், எலிசபெத் அசெவேடோ 2018இல் வெளியிட்ட 'கவிஞர் எக்ஸ்'. முழுவதும் செய்யுள் வடிவிலானது. அமெரிக்க தேசிய நூல் விருதை அவ்வாண்டிலேயே பெற்றது. ஆசிரியை டொமினிக்கன் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். இந்நூல்களில் எங்களைப் போன்றோர் இல்லையே என்று ஒரு மாணவி கூறியதே தம்மை எழுதத் தூண்டியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கதைத்தலைவி சீயோமாரா, ஹார்லெம் பகுதியில் வாழும் பதினைந்து வயதுப் பெண். தாய் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். கன்னியர் மடம் புக விரும்பியும் மணமுடித்து வைக்கப்பட்டவர். உறுதிபூசுதல் வகுப்பில் மகள் ஏவாளைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறாள். திருப்பலியில் அப்பத்தை வாங்கி உட்கொள்ளாமல் மறைக்கிறாள். மகள் ஒரு பையனுடன் பழகுவதை அறிந்த தாய், அன்னை மரியாவின் பீடத்தின்முன் அரிசிமணிகள்மேல் அவளை முழந்தாளிடச் செய்கிறார். பின்னர் அவளுடைய கவிதைக் குறிப்பேட்டைக் கண்டெடுத்துத் தீயிட்டுக் கொளுத்துகிறார்.

2020இல் வட கரோலினாவில் இந்நூலைப் பாடமாக வைத்த ஒரு பள்ளிக்கு எதிராக, இது கிறிஸ்தவத்தைப் பழிக்கிறது என்று கூறிப் பெற்றோர் நீதிமன்றம் சென்றனர், தடை கிடைக்கவில்லை. அவர்களின் வேதனையை நாம் ஏளனம் செய்யோம். நற்கருணை அவசங்கை காட்டப்படும் பக்கத்தில் நமக்கும் கை நடுங்கியது. ஆனால் நூலை இறுதிவரை வாசிப்பவர் வேறொன்றையும் காண்பார். நம்பாததை நம்புவதாக நடிக்க மறுப்பதே அவள் செயலின் வேர். தந்தை ஷான் அதைப் புரிந்துகொள்கிறார். அவள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை உணர்ந்து, அவளை அவசரப்படுத்தாது காத்திருக்கிறார். குறிப்பேடு சாம்பலான பிறகு, தாயுடன் பேசத் துணை வேண்டி அவள் தேடிப்போவதும் அவரைத்தான். திருச்சபையைப் பழிக்கும் நூல் இப்படி ஒரு குருவைப் படைக்குமா?

நம் குறை வேறு. மடத்தை இழந்த அந்தத் தாயின் துயரமே இக்கதையின் ஆழமான கிணறு. ஆசிரியை அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அத்தனை பக்கங்களில் மூண்ட நெருப்பு, குருவின் முன்னிலையில் நிகழும் சில உரையாடல்களில் தணிவது நம்பத்தக்கதாக இல்லை. தாய்க்கும் சில செய்யுள்கள் கொடுத்திருக்கலாம். ஒருவேளை, பதினைந்து வயதில் எவரும் தாயின் கிணற்றுக்குள் இறங்கிப் பார்ப்பதில்லை என்பதால் அவர் விட்டுவிட்டாரோ என்னவோ.

இறுதியில் சீயோமாரா மேடையேறித் தன் கவிதையைச் சொல்கிறாள். அவையில் தாய் இருக்கிறார், தந்தை இருக்கிறார், இரட்டைச் சகோதரன் இருக்கிறான். தந்தை ஷானும் வந்திருக்கிறார். அவருக்கு அங்கே வேலை எதுவுமில்லை, கேட்பதற்காக வந்திருக்கிறார்.