தலைக்கவசத்துக்குள் மூன்றாம் ஆள்

தலைக்கவசத்தில் இன்டர்காம் பொருத்திக்கொள்ளும் வழக்கம், கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் வார இறுதியில் கூட்டமாகக் கிளம்பும் மோட்டார் சைக்கிள் குழுக்களிடம் தொடங்கி, இன்று திருச்சியின் அன்றாடப் போக்குவரத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. விலை இறங்கியதால் பழக்கம் பரவியது என்பதில் வியப்பில்லை. வியப்புக்குரியது அதற்காக முன்வைக்கப்படும் வாதம்தான். இது பாட்டுக் கேட்கும் சாதனம் அன்று, பாதுகாப்புக் கருவி என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். கைப்பேசியைக் காதுக்கும் கன்னப் பஞ்சுக்கும் நடுவே செருகிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே காவிரிப் பாலத்தைக் கடக்கும் ஓட்டுநரைக் காட்டி, இவரைவிட இரு கைகளும் கைப்பிடியில் இருக்க, தலை நிமிர்ந்து பேசிச் செல்பவர் மேலல்லவா என்று கேட்கிறார்கள். மேல்தான். ஆனால் அந்த ஒப்பீட்டிலிருந்து அவர்கள் பெறும் முடிவு தவறானது என்பதும், கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்துவதிலும் நேரும் பிழைகள் பலவும் அந்தத் தவறான முடிவிலிருந்தே கிளைக்கின்றன என்பதும் இங்கே எடுத்துக்காட்டத் தக்கவை.

இன்டர்காம் என்பது தலைக்கவசத்தின் வெளி ஓட்டில் பொருத்தப்படும் சிறு பெட்டியும், உட்புறத்தில் காதுகளுக்கு நேராக ஒட்டப்படும் தட்டையான இரண்டு ஒலிபெருக்கிகளும், வாய்க்கெதிரே நிற்கும் மைக்கும் சேர்ந்த அமைப்பு. முன்னாளில் வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஓட்டுபவரின் தலைக்கவசத்தையும் பின்னிருப்பவரின் தலைக்கவசத்தையும் கம்பியால் இணைப்பார்கள். இஞ்சினின் தீப்பொறி இரைச்சல் பேச்சோடு கலந்து வருவதும், இறங்கும்போது கம்பியைக் கழற்ற மறந்து கழுத்தை இழுபடச் செய்வதும் அதன் குறைகள். புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி இணைப்பு வந்தபின் கம்பி மறைந்தது. அது இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனுள்ள கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் இந்திய அரசு விதி வகுத்ததால், இவற்றை வாங்கவும் பயன்படுத்தவும் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

கருவியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னே செல்பவர், வளைவுக்கு அப்பால் லாரி இறங்கி வருவதையோ சாலையில் மண் சரிந்து கிடப்பதையோ பின்னால் வருபவர்களுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிட முடிகிறது. அறியாத ஊரில் வழிகாட்டிச் செயலியின் குரல் காதில் விழுவதால், கைப்பிடியில் மாட்டிய திரையைக் குனிந்து பார்க்கும் தேவை குறைகிறது. தலைக்கவசம் போட்டால் பேசுவது கேட்பதில்லை என்று சொல்லிப் பின்னிருக்கைக்காரர் அதைத் தவிர்த்துவந்த வீடுகளில், அந்தச் சாக்கும் இல்லாமற் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னிருப்பவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருந்தும் திருவானைக்காவல் வீதிகளில் அதை அணிந்த பின்னிருக்கைக்காரரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால், இந்த ஒரு பயனுக்காகவே கருவியை வரவேற்பவரைக் குறை சொல்ல இயலாது.

தேர்வு செய்வதில் நேரும் பிழை எளிதில் விளங்கக்கூடியது. விற்பவர் முதலில் சொல்லும் எண் தொலைவைப் பற்றியது: ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் என்ற கணக்கு. அந்த அளவு, இடையில் மரமோ கட்டடமோ வளைவோ இல்லாத வெட்டவெளியில் ஒரு கருவி மற்றொன்றுக்கு நேர்ப்பார்வையில் நிற்கும்போது கிடைப்பது. பாறையைச் சுற்றித் திரும்பும் மலைச்சாலையில் அது பெரிதும் சுருங்கிவிடும். அதற்கு அடுத்துச் சொல்லப்படுவது மெஷ் என்னும் வலைப்பின்னல் முறை. பழைய புளூடூத் முறையில் வண்டிகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று இணைவதால் நடுவில் ஒருவர் பின்தங்கினால் சங்கிலி அறுந்துபோகும். கார்டோ நிறுவனம் 2015இலும் சேனா நிறுவனம் அதன் பின்னரும் சந்தைக்குக் கொண்டுவந்த வலைப்பின்னல் முறையிலோ ஒவ்வொரு கருவியும் மற்றவற்றின் பேச்சைக் கடத்துவதால், விலகியவர் திரும்பி வந்தவுடன் தானாகவே சேர்ந்துகொள்வார். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு இது உண்மையான முன்னேற்றம். ஆனால் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் திருவானைக்காவலுக்கும் இடையே ஒரே வண்டியில் போய்வரும் கணவன் மனைவிக்கு வேண்டிய தொலைவு ஒரு முழத்துக்கும் குறைவு; அவர்கள் விலைகொடுத்து வாங்கும் ஒன்றரைக் கிலோமீட்டரில் மிச்சமெல்லாம் பெட்டியின் மேலட்டையில் மட்டும் இருப்பது.

பொருத்துவதில் நேரும் பிழை இதைவிடக் கொடியது. ஒலிபெருக்கி காதுத் துளைக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி பாதியாகிவிட, அணிந்தவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். விலைகூடிய தலைக்கவசங்களில் இதற்கென்று காதருகே குழி விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதிகம் விற்பனையாகும் பலவற்றில் அந்தக் குழி இல்லாததால், காதுமடல் நசுங்காமலிருக்க உள்ளேயிருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் சுரண்டி இடம் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசத்தின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பளபளப்பான வெளி ஓடு அன்று, அந்தத் தெர்மாகோல்தான். விழும்போது தான் நசுங்கி, மோதலின் வேகத்தை மண்டைக்குள் போகவிடாமல் தடுப்பது அதன் பணி. ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தின்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றது முழுத் தெர்மாகோலோடு கூடிய தலைக்கவசம். சுரண்டிய தலைக்கவசத்தை எவரும் சோதித்ததில்லை. ஐரோப்பாவின் 22.06 என்னும் விதி துணைக்கருவியையும் சேர்த்துத் தலைக்கவசத்தைச் சோதிக்க வழி செய்திருப்பது, இந்தக் கவலை வீண் கவலை அன்று என்பதைக் காட்டும். தலையைக் காக்கும் பொருளைச் செதுக்கிவிட்டுப் பாதுகாப்புக் கருவி பொருத்துவதற்குத் தமிழில் பழமொழி பலவுண்டு. அவற்றை நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்தப் பிழைகளெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. சரியான கருவியை வாங்கி, ஒன்றையும் செதுக்காமல், காதுக்கு நேராகப் பொருத்திய பின்னும் திருந்தாமல் நிற்பது ஒன்றுண்டு: பெயர் இன்டர்காம் என்றிருந்தாலும், நகரத்தில் அது தொலைபேசியாகவே பயன்படுகிறது. கருவியின் அமைப்பே அதற்கு இடங்கொடுக்கிறது. இவ்வகைக் கருவிகளில் எந்த ஒலிக்கு முதலிடம் என்ற வரிசை முன்கூட்டியே அமைந்திருக்கும். பெரும்பாலானவற்றில் முதலிடம் கைப்பேசி அழைப்புக்கு, அடுத்த இடம் இன்டர்காம் பேச்சுக்கு, கடைசி இடம் பாட்டுக்கு. பின்னால் அமர்ந்திருப்பவர் பள்ளம் என்று சொல்லத் தொடங்கும் நொடியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், கருவி பின்னிருப்பவரின் வாயை அடைத்துவிட்டு அலுவலகத்தைப் பேசவிடும். சிலவற்றில் பொத்தானைத் தொடவும் வேண்டியதில்லை. உரக்க ஒரு சொல் சொன்னாலே அழைப்பு ஏற்கப்பட்டுவிடும். வண்டியில் இருப்பவர் இருவர், காதில் ஏறிப் பேசுபவர் மூன்றாமவர். சாலையைப் பார்க்காதவர் அவர் ஒருவரே, ஆனால் முதல் மரியாதை அவருக்கு.

பின்னிருக்கைப் பேச்சும் தொலைபேசிப் பேச்சும் ஒன்றல்ல என்பதே இந்த வாதத்தின் உயிர்நிலை. காவிரிப் பாலத்தின் வடகரையில் மாம்பழச் சாலைச் சந்திப்பில், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பேருந்தும் திருவானைக்காவலிலிருந்து வரும் வண்டிகளும் பாலத்தின் வாயிலுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அந்த இடத்தை நெருங்கும்போது, மளிகைக் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்த பின்னிருக்கைக்காரர் தாமாகவே பேச்சை நிறுத்துவார். சில சமயம் தோளில் கை வைப்பார், பார்த்து என்பார், பேருந்து கடந்தபின் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வார். ஓட்டுபவர் பதில் சொல்லாமல் இருப்பதை அவர் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் காரணம் அவர் கண்ணெதிரே நிற்கிறது. சென்னையிலிருந்து பேசுபவருக்கு மாம்பழச் சாலையும் தெரியாது, பேருந்தும் தெரியாது. மௌனம் அவருக்குப் பொருள்படாது. கேட்கிறதா, லைனில் இருக்கிறீர்களா என்று அவர் கேட்பது சரியாக அந்தப் பேருந்து திரும்பும் நேரத்தில்தான் நிகழும்.

இதை வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. 1997இல் ரெடெல்மையரும் டிப்ஷிரானியும் டொரொண்டோ ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை விபத்து நேரங்களோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, பேசிக்கொண்டிருக்கும்போது மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அது குறைந்ததற்குச் சான்றில்லை என்றும் கண்டது. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள், தொலைபேசியில் பேசும் ஓட்டுநரின் கண் ஒரு பொருளின்மீது பதிந்தபோதும் மனம் அதை வாங்கிக்கொள்ளாமல் விடுவதைக் காட்டின. அவர்களே 2008இல் வெளியிட்ட ஆய்வில், உடன் பயணிப்பவரின் பேச்சு சாலை நிலைமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதும் நிறுவப்பட்டது. எதிர்த்தரப்புக்கும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளில் கேமரா பொருத்திப் பார்த்தபோது, கையில் பிடிக்காத பேச்சால் ஆபத்து கூடவில்லை என்றே கண்டார்கள். ஆனால் அவை தூக்கம் வரவழைக்கும் நீண்ட நெடுஞ்சாலையில் நாள்முழுதும் ஓடும் லாரிகள். தூக்கத்தை விரட்டும் பேச்சு அங்கே மருந்தாகலாம். மாம்பழச் சாலையில் தூங்கி விழுந்தவர் உண்டா?

நான்கு சக்கரக்காரருக்கு ஒரு நொடிக் கவனக்குறைவு வண்டியின் முகப்பில் ஒரு சொட்டையோடு போகக்கூடும். இரு சக்கரக்காரர் அந்த நொடியில் சமநிலையையும் சேர்த்தே இழக்கிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்பது மத்திய அரசின் கணக்கு.

காதுக்குரிய வேலையையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். நம் சாலைகளில் பின்னால் வரும் வண்டியைப் பற்றிய செய்தி கண்ணாடியில் வருவதைவிட ஹாரனில் வருவதே அதிகம். திருச்சியின் தனியார் நகரப் பேருந்துகளுக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஹாரன் பழக்கம் கண்டிக்கத்தக்கதே, ஆனால் அது நிலவும் வரையில் அதைக் கேளாமல் ஓட்டுவது கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டுவதற்கு ஒப்பானது. தலைக்கவசத்துக்குள் காற்றிரைச்சலே வேகத்தோடு ஏறிக்கொண்டு போக, அதற்கு மேலே கேட்க வேண்டுமென்று பேச்சின் ஒலியையும் ஏற்றினால், வெளியிலிருந்து வரும் எச்சரிக்கைக்கு இடமே இல்லாமற் போகிறது.

கையில் பிடிக்காமல் பேசுவது பற்றிச் சட்டத்தின் நிலை தெளிவாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுவதன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதையொட்டி 2020இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதியோ, வழி காண்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. கவனம் என்ற சொல் விதிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வழி பார்ப்பவரிடம் மட்டுமே அது கேட்கப்படுகிறது, கடன் பாக்கியைப் பற்றியோ கல்யாணத் தேதியைப் பற்றியோ தலைக்கவசத்துக்குள் பேசிச் செல்பவரிடம் கேட்கப்படுவதில்லை. கையைப் பிடித்த சட்டம் காதை விட்டுவிட்டது. விற்பவர்கள் அந்த இடைவெளியையே பாதுகாப்பு என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

வேலையின் கட்டாயத்தால் பேசுவோரை இதில் ஒரு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞருக்குத் தெற்கு உள்வீதியா, சன்னதி வீதியா என்று கேட்டறிய வண்டியில் போகும்போதே அழைப்பு வருகிறது. எடுக்காவிட்டால் நேரம் போகிறது, நேரம் போனால் வருமானம் போகிறது. அவர் காதில் புளூடூத் மாட்டியிருப்பதைக் கண்டிப்பதைவிட, அவரை ஓடும் வண்டியில் அழைக்கும் வாடிக்கையாளரையும் அந்த நேரக் கணக்கை வகுத்த நிறுவனங்களையும் கேள்வி கேட்பதே முறை. ஆனால் வாடிக்கையாளருக்கும் நேரக் கணக்குக்கும் கட்டுப்படாதவர்கள், பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேரக்கூடியவர்கள், அதே அழைப்பைப் பாலத்தின் நடுவில் ஏற்பதற்கு என்ன கட்டாயம் என்பதைக் கருவியின் ஆதரவாளர்கள் இதுவரை சொல்லவில்லை.

ஆகவே வாங்க வேண்டுமென்று முடிவு செய்தவர்கள், தொலைவைக் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, தங்கள் தலைக்கவசத்தில் ஒலிபெருக்கிக்கு இடமிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் செதுக்காமல் வேறு தலைக்கவசம் வாங்க வேண்டும், பின்னிருப்பவருக்கும் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு கருவிகளையும் ஒன்றோடொன்று இணைத்தபின், கைப்பேசியை இணைக்கும் அடுத்த படியைச் செய்யாமல் விட்டுவிடலாம். அறியாத ஊருக்குப் போகும் நாளில் வழிகாட்டிக் குரலுக்காக இணைப்பவர்கள், குரல் கேட்டதும் அழைப்பை ஏற்கும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிட்டு, ஊர் திரும்பியதும் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். திருவானைக்காவலிலிருந்து சத்திரத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர். அந்த வழிக்கு எவருக்கும் வழிகாட்டி தேவைப்படுவதில்லை.