தில்லானா மோகனாம்பாள்: வடிவாம்பாளும் ரமாமணியும்

தில்லானா மோகனாம்பாள், கொத்தமங்கலம் என்ற ஊர்ப்பெயரைத் தன் பெயருடன் கொண்ட கொத்தமங்கலம் சுப்பு (1910-1974) 'கலைமணி' என்னும் புனைபெயரில் எழுதிய தொடர்கதை. 1950களில் ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களுடன் வெளிவந்தது. 1968-ல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமானது.

மதிப்பீடு

சண்முகசுந்தரம், மோகனா காதலைச் சொல்லும் பொழுதுபோக்குக் கதையாகவே இது வாசிக்கப்படுகிறது. ஆனால் கதையை நகர்த்துவதில் பெரும்பங்கு, தாய் வடிவாம்பாள் வைத்தியின் பேச்சுக்கு இணங்கி மகளுக்குத் தெரியாமல் செய்யும் ஏற்பாடுகளுக்கு உண்டு. அவளைப் பேராசைக்காரி என்று ஒதுக்குவது எளிது. ஆடும் வயது கடந்தவளுக்கு மகளின் சலங்கையே சோறு. அந்த அச்சமே அவள் வெளியில் சொல்லாத ரகசியம். நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணி தன் ஏக்கத்தைச் சிரிப்பில் மறைத்து, சண்முகசுந்தரத்துக்குத் தோழியாக நிற்கிறாள். இவ்விருவரின் தனிமையையும் தொட்ட கதை, அங்கே நிற்காமல் வேடிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. இதுவே இத்தொடரின் குறை.